கொச்சிப் பண்டகசாலையில் கலைக்கூடம்

கொச்சி என்றதும் நம் தீவுத் தமிழர்கள் பலருக்கும் நினைவுக்கு வருபவை சீனவலைகளும் கப்பல் கட்டும் தளமும்தான். அதே கொச்சியின் பழைய பகுதியான கோட்டைக் கொச்சியில், மிளகும் இஞ்சியும் கயிறும் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருந்த பண்டகசாலைகள், இரண்டாண்டுக்கு ஒருமுறை, ஏறத்தாழ மூன்றரை மாத காலம் சமகாலக் கலைக்கூடங்களாக மாறுகின்றன. பல நாட்டுக் கலைஞர்கள் அங்கு வந்து தங்கித் தங்கள் படைப்புகளை அமைக்கின்றனர். 2017 ஜனவரியில் குடும்பத்துடன் அங்குச் சென்றுவரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்ட அன்பர்களுக்கு அவ்வப்போது வாய்மொழியாகச் சொல்லி வந்தேன். கேட்டவர்களில் பாதிப் பேர், "இதற்கா அவ்வளவு தூரம் போனீர்கள்?" என்று முடித்துவிட்டார்கள். எழுத்தில் கொஞ்சம் நிதானமாக விளக்கலாம் என்று தோன்றியது.

இந்தக் கண்காட்சிக்குப் பியனாலே என்று பெயர். இத்தாலியச் சொல். ஈராண்டுக்கு ஒருமுறை நடப்பது என்பதற்கு மேல் அதில் பெரிய பொருள் ஒன்றும் கிடையாது. 1895இல் வெனிஸ் நகரம் தொடங்கி வைத்த வழக்கம் இது. கொச்சியில் முதல் பியனாலே 2012ஆம் ஆண்டு பன்னிரண்டாம் மாதம் பன்னிரண்டாம் தேதி தொடங்கியது. மும்பையில் வாழ்ந்துவந்த கேரளக் கலைஞர்களான போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று நடத்தினர். கேரள அரசு நிதியுதவி செய்தது. எந்தெந்தப் படைப்புகள் இடம்பெற வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஒவ்வொரு முறையும் கலைஞர்களிடமே ஒப்படைக்கிறார்கள். நான் கண்டது மூன்றாவது பியனாலே. அதன் பொறுப்பாளர் சுதர்சன் ஷெட்டி என்ற மும்பைக் கலைஞர்.

முழுப்பெயர் கொச்சி-முசிறிஸ் பியனாலே. முசிறிஸ் வேறொன்றுமில்லை, நம் முசிறிதான். திருச்சிப் பக்கத்து முசிறியைச் சொல்லவில்லை. யவனர்கள் பொன்னைக் கொடுத்து மிளகு ஏற்றிச் சென்றதாக அகநானூறு கூறும் சேரர் துறைமுகம். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அந்தப் பழைய துறையைத் தூர்த்துவிட்டுக் கொச்சியின் கடல்வாயைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கூறுவர். 2007 முதல் பட்டணம் என்ற சிற்றூரில் நடந்த அகழாய்வில் ரோமானியச் சாடிகளின் ஓடுகளும் மணிகளும் கிடைத்தன. முசிறி இருந்த இடம் அதுவே என்று அகழ்ந்தவர்கள் கருதுகின்றனர். முதல் பியனாலேயில் விவான் சுந்தரம் என்ற கலைஞர் பட்டணத்து மண்ணிலிருந்து வந்த பானையோடுகளையே தரையில் பரப்பி ஒரு நகரத்தை உருவாக்கிக் காட்டினார். 'கறுப்புப் பொன்' என்று அதற்குப் பெயர், அதாவது மிளகு. 2023இல் காலமான அவரது அந்தப் படைப்பை நான் படங்களில்தான் கண்டிருக்கிறேன். ஆயினும் சங்க இலக்கியம் படித்த நம்மவர் ஒருவர் கொச்சிக்குப் போனால் விருந்தாளியாக மட்டும் போகவில்லை என்பதைச் சொல்லவே இதை இங்குக் குறிப்பிட்டேன்.

என் மகள் அப்போது எறணாகுளத்தில் செவிலியர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து சென்னை சேர்ந்து, அங்கிருந்து இரவு ரயிலில் எறணாகுளம் போனோம். எறணாகுளத்திலிருந்து கோட்டைக் கொச்சிக்குப் பாலம் வழியாகப் பேருந்து உண்டு. ஆனால் படகில் போவதே சரி. ஜெட்டியும் படகும் நமக்குப் புதிதா என்ன? எங்கள் பாராடாங்கிலிருந்து தலைநகருக்குப் போக வேண்டுமானால் நிலம்பூர் ஜெட்டியில் வாகனப் படகு ஏறி மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டியில் இறங்கித்தான் ஆகவேண்டும். நிலம்பூர் என்பதே மலபார் ஊர்ப்பெயர். 1921 மாப்பிளா கிளர்ச்சிக்குப் பின் தண்டனை பெற்று வந்தவர்கள் தங்கள் ஊர்ப்பெயர்களையும் சுமந்து வந்தார்கள். மஞ்சேரி, வண்டூர், திரூர், மன்னார்காடு என்று தெற்கு அந்தமான் வரைபடத்தில் பாதி மலையாளமாக இருப்பது நாம் அறிந்ததே. அந்தப் பெயர்களின் சொந்த நாட்டுக்குப் போகிறோம் என்ற எண்ணம் படகில் எனக்கு இருந்தது.

கோட்டைக் கொச்சியில் இப்போது கோட்டை இல்லை. போர்த்துக்கீசியர் 1503இல் கட்டியதை 1663இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். வாஸ்கோ ட காமாவை 1524இல் முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் ஆலயம் இருக்கிறது. அடுத்தாற்போல் மட்டாஞ்சேரி, அங்கே 1568இல் கட்டிய யூதர் வழிபாட்டுக் கூடம், கொங்கணிகளின் கோயில், குஜராத்தி வணிகர்களின் தெருக்கள். ஒரே நாளில் நாலு நாடுகளைச் சுற்றிய களைப்பு வந்துவிடும். அப்போது கண்காட்சியின் முக்கியக் களமாக இருந்த ஆஸ்பின்வால் ஹவுஸ் படகுத்துறையிலிருந்து சில நிமிட நடைதான். 1867இல் ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கில வணிகர் தொடங்கிய கம்பெனியின் இடம் அது. தேங்காயெண்ணெய், மிளகு, இஞ்சி, மஞ்சள், மரம், பின்னர் கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர் என்று ஏற்றுமதி செய்த நிறுவனம். கடலைப் பார்த்த முற்றம், அலுவலகம், துரைமார் தங்கிய பங்களா, வரிசையாகக் கிடங்குகள். வனத்துறையில் மரக்கிடங்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கட்டடத்தில் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து உத்திரத்தைப் பார்ப்பது தொழில் பழக்கம். அங்கே அண்ணாந்து பார்க்க நிறையவே இருந்தது.

இப்படிப்பட்ட பழைய கட்டடத்தில் ஏன் புதிய கலையை வைக்கிறார்கள் என்ற கேள்வி எழும். முதல் காரணம் இடம். இன்றைய கலைஞர்களில் பலர் சுவரில் மாட்டும் படத்தோடு நிற்பதில்லை. ஓர் அறை முழுவதையும் ஒரே படைப்பாக அமைத்துவிடுகிறார்கள். நிறுவல் கலை என்று தமிழில் சொல்கிறோம். அதற்கு உயர்ந்த கூரையும் தூணில்லாத நீண்ட கூடமும் கனமான சுவரும் வேண்டும். மூட்டை அடுக்கக் கட்டிய கிடங்கில் இவை எல்லாம் உண்டு. இரண்டாவது காரணம், வணிகம் போய்விட்ட பிறகு இக்கட்டடங்கள் சும்மா கிடக்கின்றன. இடித்துவிடாமல் காப்பதற்கு ஏதேனும் ஒரு பயன் வேண்டும். உலகெங்கும் இது நடக்கிறது. லண்டனில் பழைய மின்நிலையம் 2000த்தில் கலைக்கூடமாயிற்று. சிங்கப்பூரில் பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்து 2015இல் தேசியக் கலைக்கூடமாயின. மும்பைக் கோட்டைப் பகுதியில் 1911இல் கட்டிய கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபம் கூட்டங்களுக்கும் கச்சேரிகளுக்கும் இடமாக இருந்து, 1996இல் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் மும்பைக் கிளையாகத் திறக்கப்பட்டது. கொச்சியின் குறை, உப்புக்காற்றும் ஈரமும். எண்ணெய்ச் சாயப் படங்களை ஆண்டுக்கணக்கில் மாட்டி வைக்க அது உகந்த இடம் இல்லை. மூன்று மாதத்துக்குக் கூடிக் கலையும் கண்காட்சிக்குப் பொருந்துகிறது. நம் சாத்தம் மர ஆலை 1883இல் தொடங்கியது. அதன் கூரைக்கடியில் இப்படி ஒரு கண்காட்சி நடந்தால் எப்படியிருக்கும் என்று அங்கே நின்றபோது எண்ணிக்கொண்டேன். மரத்தூள் வாசனையோடு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அருங்காட்சியகம் என்றால் நமக்குப் பழக்கமானது மானிடவியல் அருங்காட்சியகமும் சிற்றறைச் சிறையின் காட்சிக்கூடமும்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொருள், பக்கத்தில் அட்டை. இது அம்பு, இது இன்னாருடையது, இந்த ஆண்டு. படித்தோம், தெரிந்துகொண்டோம், அடுத்த பெட்டிக்கு நகர்ந்தோம். சமகாலக் கலைக்கூடத்தில் இந்தப் பழக்கத்தோடு நுழைபவர்கள்தாம் முதல் பத்து நிமிடத்தில் ஏமாந்துபோகிறார்கள். அங்கும் அட்டை உண்டு, ஆங்கிலத்திலும் மலையாளத்திலும். ஆனால் அட்டையில் சொல்லியது அறையில் இருக்காது. அறையில் இருப்பதை அட்டை சொல்லாது.

பாராடாங்கில் வாழ்பவனுக்கு இந்த ஏமாற்றத்தின் முகம் நன்கு தெரியும். எங்கள் ஜார்வா கிரீக் பக்கத்துச் சேற்று எரிமலைக்கு வெளியூர்க்காரர்கள் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, கான்வாயில் வந்து, படகு ஏறி, ஜீப்பில் போய், படி ஏறிப் பார்க்கிறார்கள். சாம்பல் நிறச் சேறு, நடுவில் ஒரு குமிழி. அவர்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் எந்த மொழியானாலும் ஒன்றுதான்: "இவ்வளவுதானா?" அந்தக் குமிழி பூமிக்கடியிலிருந்து வாயுவும் நீரும் சேற்றைத் தள்ளிக்கொண்டு வருவது, 2004 டிசம்பர் நிலநடுக்கத்தை ஒட்டி அது சீறியது, 2025 அக்டோபரில் மறுபடியும் வெடித்து மேடு கட்டியது என்பதெல்லாம் அறிந்தவர் அதே சேற்றின் முன் அரைமணி நேரம் நிற்பார். சுண்ணாம்புக் குகையில் நேர்மாறு. அங்கே வழிகாட்டிகள் விளக்கடித்து, இது யானை, இது தாமரை, இது பிள்ளையார் என்று காட்டுவதால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. பிள்ளையாரைக் கண்டவர்கள் கல்லைப் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்பது வேறு விஷயம். கொச்சியில் யாரும் பிள்ளையாரைக் காட்டித் தரமாட்டார்கள். இது எதன் உருவம் என்று கேட்டுக்கொண்டு நின்றால் நேரம் வீண். எந்த இடத்தில் இது இருக்கிறது, என்ன பொருளால் ஆனது, இதற்குள் நான் நின்றால் எனக்கு என்ன ஆகிறது என்று கேட்டுப் பார்த்தால் ஏதேனும் கிடைக்கும்.

ஓர் உதாரணத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆஸ்பின்வாலின் நீண்ட கிடங்கு ஒன்றில் கணுக்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். கடல்நீர். வேறு ஒன்றுமில்லை. செருப்பைக் கழற்றி வைத்து, கால்சட்டையையோ சேலையையோ தூக்கிக்கொண்டு, அந்த இருட்டுக் கிடங்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடக்க வேண்டும். இருபக்கச் சுவர்களிலும் சிறு சிறு கேள்விகள் எழுதித் தொங்கவிட்டிருந்தன. என்னைப் பார்க்கிறாயா, கேட்கிறாயா என்ற தொனியில். கடைசிச் சுவரில் மட்டும் கொஞ்சம் நீளமான எழுத்து. அதைப் படிக்க வேண்டுமானால் தண்ணீரில் நடந்து அவ்வளவு தூரம் போயே ஆகவேண்டும். 'வேதனைக் கடல்' என்று பொருள்படும் பெயர் கொண்ட இதை அமைத்தவர் ராவுல் சூரிட்டா என்ற சிலி நாட்டுக் கவிஞர். 1973இல் அந்நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த நாளிலேயே கைதாகி, ஒரு கப்பலின் அடித்தட்டில் நூற்றுக்கணக்கானவர்களோடு அடைக்கப்பட்டுச் சித்திரவதைப்பட்டவர் அவர். கப்பலின் அடித்தட்டு என்றால் என்னவென்று நம் தீவு வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

2015 செப்டம்பரில் துருக்கிக் கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரியாச் சிறுவன் ஆலன் குர்தியின் படம் உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தது நினைவிருக்கும். அதே படகு கவிழ்ந்து அவனுடைய அண்ணன் காலிப்பும் தாயும் இறந்தார்கள். காலிப்பின் படம் அப்படிப் பரவவில்லை. ஆகவே உலகம் அவனை அறியவில்லை. கடைசிச் சுவரில் இருந்தது அந்தக் காலிப்பைப் பற்றியது. கவிஞர் அவனுடைய தகப்பன் ஸ்தானத்தில் தன்னை நிறுத்திக்கொண்டு பேசுகிறார்.

என் மனைவி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்தவள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்களில் சில குடும்பங்களை நிகோபாரில் கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியது நம் சங்கத்து மூத்தவர்கள் அறிந்த செய்தி. அவளுடைய தங்கை கச்சாலிலேயே வாழ்க்கைப்பட்டாள். 2004 டிசம்பர் 26இல் மிக அதிகம் இழந்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. தங்கையும் கணவரும் மூன்று பிள்ளைகளும் போனார்கள். யாரையும் எடுத்து அடக்கம் செய்ய முடியவில்லை. அதற்குப்பின் என் மனைவி கடலில் கால் நனைத்ததில்லை. ஜெட்டியில் படகு ஏறும்போதும் பலகையைப் பார்த்துத்தான் கால் வைப்பாள், தண்ணீரைப் பார்க்கமாட்டாள். அந்தக் கிடங்கின் வாசலில் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நானும் மகளும் மட்டும் இறங்குவதாகத்தான் இருந்தது. நாங்கள் பாதி தூரம் போன பிறகு பின்னால் தண்ணீர் சலசலத்தது. திரும்பிப் பார்த்தால் சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. "அந்தச் செவுத்துல என்ன எழுதியிருக்கு?" என்று மகளிடம் கேட்டாள். மகள் சொன்னாள். "அண்ணனுக்குப் போட்டோ இல்லையாம்மா, தம்பிக்குத்தான் இருக்காம்."

"நம்ம சின்னவளுக்கும் இல்லையே" என்றாள். தங்கையின் கடைசிப் பெண்ணைச் சொன்னாள். நாலு வயது. மூத்த இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்தில் எடுத்த படம் எங்கள் வீட்டில் இருக்கிறது.

பத்து நிமிடம்போல் அங்கேயே நின்றோம். வேறு யாரோ பள்ளிப் பிள்ளைகள் தண்ணீரை எற்றி விளையாடிக்கொண்டே வந்து எங்களைப் பார்த்ததும் அடங்கிப்போனார்கள். அவர்கள் விளையாடியது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தண்ணீரில் எதைக் காண்பது என்று யாருக்கும் யாரும் கட்டளையிடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எனக்குத் தெரிந்த அளவில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. சிலிக்காரர் ஒருவர் சிரியாப் பிள்ளைக்காகக் கொச்சியில் நிரப்பிய தண்ணீரில் கச்சால் குழந்தை வந்து சேர்ந்தது.

முற்றத்தில் மண்ணும் மூங்கிலும் ஓலையும் சாணமும் கொண்டு ஒரு பிரமிடு எழுப்பியிருந்தார் ஸ்லோவேனியா நாட்டுக் கவிஞர் அலேஷ் ஷ்டெகர். நாடு கடத்தப்பட்ட கவிஞர்களின் பிரமிடு. குனிந்து நுழைந்தால் கும்மிருட்டு. சுவரைத் தடவிக்கொண்டுதான் வளைந்து வளைந்து போக வேண்டும். எங்கள் குகைக்குப் பழகிய எனக்கே ஓரிடத்தில் திக்கென்றது. இருட்டில் பல மொழிகளில் கவிதை வாசிக்கும் குரல்கள். ரோமாபுரிக் காலத்து ஓவிட், தாந்தே, ஜெர்மானியரான பிரெக்ட், பாலஸ்தீனத்து மஹ்மூத் தர்வீஷ் என்று ஆட்சியாளர்களால் துரத்தப்பட்டவர்களின் வரிசை. சொல் புரியாது, மனிதர் பேசுகிறார் என்பது மட்டும் புரியும். காலாபானி மண்ணிலிருந்து போனவன் என்பதால் அது எனக்கு நெருக்கமாக இருந்தது. சிற்றறைச் சிறையில் தண்டனைக் கைதிகளைப் பக்கத்து அறைக்காரன் முகம் தெரியாதபடி அடைத்து வைத்தார்கள் அல்லவா? குரல் மட்டும் தப்பித்துப் போகும். அங்கே மாலையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் கிடைக்காத ஒன்று இந்தச் சாணப் பிரமிடில் கிடைத்தது.

எல்லாமே இப்படி இருந்தது என்று சொல்லமாட்டேன். இருட்டறையில் ஓடிக்கொண்டிருந்த வீடியோப் படங்களில் பலவற்றை நான் முழுதாகப் பார்க்கவில்லை. தொடக்கம் எது முடிவு எது என்று தெரியாத படத்தின் முன் மரப்பெட்டியில் உட்கார்ந்திருப்பது என் வயதில் முதுகுக்கு ஆகாது. கலைஞருக்கே சொல்ல ஒன்றும் இல்லையோ என்று தோன்றிய அறைகளும் உண்டு. அப்படித் தோன்றினால் கூச்சப்படாமல் அடுத்த அறைக்குப் போய்விடலாம். திருவிழாக் கடைத்தெருவில் எல்லாக் கடையிலுமா வாங்குகிறோம்?

கூட்டம் மிக அதிகமாக நின்றது பி.கே. சதானந்தன் என்ற கேரளச் சுவரோவியக் கலைஞரின் முன்னால்தான். கோயில் சுவர்களில் தீட்டும் பழைய முறையில், இயற்கை வண்ணங்களைக் கொண்டு, நீண்ட சுவர் ஒன்றில் உதவியாளர்களோடு கண்காட்சி நடக்கும்போதே தீட்டிக்கொண்டிருந்தார். இன்று ஒரு முகம் முடியும், நாளை ஒரு கை. 'பறையி பெற்ற பன்னிரு குலம்' என்ற கேரளப் பழங்கதை. வரருசி என்ற பிராமணருக்கும் பறையர் குலத்துப் பெண்ணுக்கும் பன்னிரண்டு பிள்ளைகள் பிறக்கின்றன. பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார் தகப்பன். பிள்ளைகளை வெவ்வேறு குலத்தார் எடுத்து வளர்க்கிறார்கள். ஒருவன் தச்சன், ஒருவன் சலவைத் தொழிலாளி, ஒருவன் உப்பு விற்பவன், ஒருவன் மலைமேல் கல் உருட்டும் நாராணத்துப் பிராந்தன். வள்ளோன் என்பவனும் உண்டு. அவரே நம் திருவள்ளுவர் என்று சொல்வோர் கேரளத்தில் இருக்கிறார்கள். அதை நாம் ஒப்புக்கொள்கிறோமா என்பது கிடக்கட்டும். எல்லாக் குலமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்ற கதையை, கோயில் சுவரில் சாமி படம் எழுதும் முறையில், வெள்ளைக்காரன் கிடங்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ராஞ்சிக்காரர், வங்காளி, கரேன், மலையாளி, தெலுங்கர், தமிழர் என்று அடுத்தடுத்த வீட்டில் வாழும் எங்கள் பாராடாங்கில் இந்தப் படத்துக்கு ஒரு சுவர் கிடைத்தால் நல்லதுதான்.

மறுநாள் காலையில் வெளி என்ற பகுதியில் உள்ள சலவைத் துறைக்குப் போனோம். கோட்டைக் கொச்சிக்குப் போகும் தமிழர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் இது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள், தமிழ் பேசுகிறார்கள், சங்கமும் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டு! வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள், கல், கொடியில் வெள்ளை வெளேரென்று துணிகள். சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், "நீங்கள் எந்த ஊர் அம்மா?" என்று கேட்டேன்.

"இந்த ஊருதான் ஐயா. அதுக்கு முன்னால எந்த ஊருன்னு எங்க பாட்டிக்கே தெரியாது" என்றார்.

அந்தமான் என்றதும் கொஞ்சம் நெருங்கிப் பேசினார். கண்காட்சிக்குப் போனதையும் தண்ணீர் நிரப்பிய அறையையும் சொன்னேன். சிரித்துவிட்டார். "தண்ணியில நிக்கிறதுதான் ஐயா எங்க பொழப்பே. அதுக்கு டிக்கெட்டு வேற வாங்கணுமா?" பிறகு அவராகவே சொன்னார்: "பேத்தி என்னையும் கூட்டிட்டுப் போனா. சுவத்துல படம் எழுதுறாங்களே, அங்கதான் ரொம்ப நேரம் நின்னேன். அந்தப் பன்னெண்டு பேருல எங்க ஆளு ஒருத்தன் இருக்கான் பாத்தீங்களா?"

அந்தச் சலவைத் தொழிலாளியைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் மனைவியும் அவரும் பிறகு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

போய்வர விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். பியனாலே டிசம்பரில் தொடங்கி மார்ச் கடைசி வரை நடப்பது வழக்கம். கோவிட் காரணமாக 2020இல் நடக்க வேண்டியது தள்ளிப்போயிற்று. ஐந்தாவது பியனாலே 2022 டிசம்பர் 12க்குப் பதிலாக 23இல் திறந்தது. ஆறாவது 2025 டிசம்பர் 12இல் தொடங்கியது. ஆகவே தொடக்க நாளை நம்பிக் கப்பல் டிக்கெட் எடுக்க வேண்டாம். ஜனவரிதான் நல்லது, எல்லா அறைகளும் தயாராகியிருக்கும், வெயிலும் குறைவு. எந்தக் கட்டடங்களில் நடக்கிறது என்பது முறைக்கு முறை மாறுவதால் முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நலம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். முதல் நாள் ஐந்தாறு அறை, மதியம் சோறு, சாயங்காலம் கடற்கரை, மறுநாள் மிச்சம். அறைகளில் நிற்கும் இளைஞர்களிடம் கேட்டால் பொறுமையாக விளக்குவார்கள். மலையாளம் கொஞ்சம் தெரிந்தால் இன்னும் சுகம். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். நம்மைவிட அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது.

கொச்சி வரை போக வசதிப்படாதவர்கள் சென்னையில் கப்பலுக்குக் காத்திருக்கும் நாளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் 1966இல் சொந்தமாக நிலம் வாங்கிக் குடியேறிய ஊர். பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று அந்த வருமானத்தில் ஓவியம் தீட்டினார்கள். 2009 முதல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. சென்னைக் கலைஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்தவற்றை ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். பஸ் வசதி இருக்கிறது. கால்சட்டையை மடித்துக்கொள்ளத் தேவையில்லை.